கள்ளிமுக்குக்கு விக்கல் வந்த வருஷம்

கள்ளிமுக்கு பஸ் ஸ்டாண்டில் முதல் விக்கல் டைம் கீப்பர் சூசைமாணிக்கத்துக்குத்தான் வந்தது, அதுவும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. "திருச்செந்தூர் செல்லும் பேருந்து, விக், இன்னும் சற்று நேரத்தில், விக், இரண்டாவது, விக்" என்று அவர் அறிவித்ததில் இரண்டாவது என்ன என்று விளங்காமல் ஜனம் மூன்று பக்கமாக ஓடியது, திருச்செந்தூருக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் மொட்டை போட வேண்டிய பிள்ளையோடு சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறிப் போய், சரி, வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே மொட்டையையும் போட்டுக்கொண்டு திரும்பியது.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தால் நினைக்கிற ஆளின் பெயர் வரும்போது விக்கல் நின்றுபோகும் என்பதும் தெரியும். சூசைமாணிக்கம் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. வரப்புத் தகராறில் பேச்சை விட்ட தம்பி பெயரைச் சொன்னார், நிற்கவில்லை. மாமியார் பெயரைப் பயந்து பயந்து சொன்னார், அதற்கும் நிற்கவில்லை. கண்டக்டர்கள் ஆளுக்கொரு பெயராக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதில் ஒருத்தன் விளையாட்டுக்கு "தபால் ஆபீஸ் லில்லி" என்று சொல்லித்தொலைக்க, சோற்றுத் தூக்கோடு பின்னால் வந்து நின்ற டைம் கீப்பரின் சம்சாரம் அதைக் கேட்டுவிட்டாள். விக்கல் நிற்கவில்லை, சோறுதான் நின்றது.

தண்ணீர் குடித்தார், சீனி தின்றார், மூச்சைப் பிடித்தார், பின்னாலிருந்து பயங்காட்டச் சொல்லிப் பயந்தும் பார்த்தார், டாக்டர் நெல்லையப்பன் இரண்டு ஊசி போட்டார், ஒன்பது நாள் இப்படியே ஓடிற்று. பத்தாம் நாள் மத்தியானம், சம்சாரம் தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்ள இடம் தேடிய சூசைமாணிக்கம், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இருந்த புஷ்பம் ரெக்கார்டிங் சென்டருக்குள் நுழைந்தார்.

கடைக்காரி தங்கபுஷ்பத்துக்கு அப்போது நாற்பத்து மூன்று வயசு. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, அதை அவளும் பெரிதாக நினைக்கவில்லை, ஊரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. கடையை ஆரம்பித்தது அவள் அண்ணன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டுக்கு விசா கிடைத்ததும் சாவியைத் தங்கச்சி கையில் திணித்துவிட்டுப் போனவன், அங்கிருந்து இரண்டு கேசட் போடுகிற டெக் ஒன்றை அனுப்பிவைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான். அந்த டெக்கின் முகத்தில் சல்லடை மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருந்தது. எதற்கு என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் தூசி அடையக்கூடாதென்று தினமும் துடைப்பாள்.

வேலை சுலபம்தான். ஜனம் தங்களுக்கு வேண்டிய பாட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரும், அவள் அதே வரிசையில் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பாள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டுப் பிடிக்கும். ஆனால் கள்ளிமுக்கு ஜனம் எழுதிக்கொண்டு வருவது என்னவோ பதினொன்றுதான், எப்போதும் பதினொன்றுதான். "பன்னண்டு பிடிக்கும்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கம்லா, பன்னண்டாவது எழுத கை வலிக்கோ?" என்று அவள் வைவாள், "ஞாபகம் வரலக்கா", "இது போதும்க்கா" என்று அவர்கள் தலையைச் சொறிவார்கள். கூறு கெட்ட ஊர், கணக்குத் தெரியாத ஊர் என்று புலம்பிக்கொண்டே அவள் மீதி நாடாவையும் ஓடவிடுவாள். பழைய கேசட்டை அழித்து ஏற்றுவதால், வாலை அப்படியே விட்டால் முந்தைய பாட்டு எட்டிப் பார்க்கும். அதனால் சிவப்புப் பொத்தானைக் கடைசிவரை அமுக்கி வைத்திருப்பது அவள் வழக்கம். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் டப்பாக்களை முந்தானையால் துடைப்பாள், அட்டையில் பாட்டுப் பெயர்களை முத்து முத்தாக எழுதுவாள். கொடுக்கும் முன் முதல் பாட்டின் தலையை மட்டும் ஒரு நிமிஷம் போட்டுப் பார்ப்பாள். வாலை எந்த வியாபாரி கேட்டுக்கொண்டிருப்பான்?

கல்லாவுக்கு மேலே இன்னொரு அட்டையும் தொங்கியது: "விற்ற கேசட் எக்காரணம் கொண்டும் திரும்ப வாங்கப்பட மாட்டாது." அதில் அவள் சொந்த அண்ணனாகவே இருந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். தங்கபுஷ்பத்தை எந்தப் பாட்டும் ஒன்றும் செய்ததில்லை. மளிகைக்கடைக்காரர் துவரம்பருப்பைப் பார்க்கிற மாதிரிதான் அவள் பாட்டைப் பார்த்தாள். வாங்குகிறவர்களின் முகம் மலர்வதையும் கால் தட்டுவதையும் வைத்து நல்ல சரக்கு எது என்று கண்டுபிடித்துக்கொள்வாள். மெட்ராஸ் மொத்த வியாபாரி பத்துப் படக் கேசட்டோடு இரண்டு விலைபோகாத கேசட்டையும் கட்டாயமாகத் தலையில் கட்டுவான். பாலைவனத்துப் பாட்டு, படகுக்காரன் பாட்டு, எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத அட்டை போட்ட பாட்டு என்று அந்தக் கட்டாயச் சரக்கு எட்டு வருஷமாக அடித்தட்டில் சேர்ந்து சேர்ந்து முந்நூறைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு அவள் அதைத் தூசி தட்டி, பூசணம் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புஷ்பம், விக், என் வீட்டுக்காரி கேட்டா, விக், நான் இங்க இல்ல" என்றபடி சூசைமாணிக்கம் கல்லாவுக்குக் கீழே குந்தினார்.

"இந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு எங்க ஒளிய அண்ணாச்சி?" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒட்டகப் படம் போட்ட ஒரு கேசட்டை உள்ளே தள்ளினாள். ஒரு கிழவன் குரல் கரகரவென்று எழுந்தது, கூடவே ஏதோ நரம்பு வாத்தியம் அழுதது. சூசைமாணிக்கத்தின் விக்கல் பாதியில் நின்றது. அவர் கல்லாவுக்குக் கீழேயிருந்து மெதுவாக எழுந்து நின்று, பாட்டு முடிகிறவரை வாசலைப் பார்த்தபடியே நின்றார், அவர் சம்சாரம் வந்து எதிரில் நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இது யாரு பாட்டு?" என்று கேட்டார். "என்னத்தான் ஒம்பது நாளா நினைச்சிருக்கு."

அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மனுஷன் மனுஷனை நினைக்கும்போது பாட்டு நினைக்காதா என்று ஊர் கேட்டுக்கொண்டது, ஒரு வாரத்தில் பதினேழு பேருக்கு விக்கல் வந்தது, அடுத்த வாரம் எண்ண முடியவில்லை. விக்கல் வந்தவர் புஷ்பம் கடைக்குப் போய், அடித்தட்டின் ஒரு கோடியில் ஆரம்பித்து மெதுவாக நகர வேண்டும். கேசட் பக்கத்தில் வர வர விக்கல் நெருக்கி அடிக்கும், சரியான கேசட்டுக்கு நேரே வந்ததும் பேசவே முடியாது, அதைத் தொட்டுக் காட்டினால் தங்கபுஷ்பம் எடுத்துப் போடுவாள், முதல் அடியிலேயே விக்கல் அடங்கும், அவள் ஏற்றிக் கொடுக்கிற நகலை ஆள் வாங்கிக்கொண்டு போவார். இதுவரை பேர் கேள்விப்படாத பாட்டைத் தேடிப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று ஊர் முடிவு கட்டிற்று. ரேடியோவை நம்பி, அட்டைப் படத்தை நம்பி, மச்சான் பேச்சை நம்பி வாங்கி ஏமாந்த காலமெல்லாம் நினைத்தாலே அவர்களுக்கு வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு விக்கல் அடித்தது ஏதோ பனி விழுகிற தேசத்துத் தாலாட்டு. அவர் அதை ஜீப்பில் போட்டுக்கொண்டு ரோந்து போனதில் பிக்பாக்கெட்டுகள் கொட்டாவி விட்டே மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு இருபது பேர் ஒன்றாக அடிக்கிற முரசுச் சத்தம் வந்து வாய்த்தது, அந்தம்மா அதைப் போட்டுவிட்டுத்தான் பரீட்சைத் தாள் திருத்தினார், அந்த வருஷம் யாரும் ஃபெயிலாகவில்லை. டாக்டர் நெல்லையப்பன் ஊசியை விட்டுவிட்டுச் சீட்டில் "அடித்தட்டு, இடப்பக்கம், சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கேட்ட கையோடு "பிள்ளைக்கு எந்தப் பாட்டுக்கு விக்கல்?" என்றும் கேட்டார்கள்; இரண்டு பேருக்கும் ஒரே கேசட் என்றால் பத்துப் பொருத்தத்தையும் பார்க்காமல் தட்டை மாற்றினார்கள்.

நகராட்சி மட்டும் சும்மா இருக்குமா? மலேரியாவுக்கு மருந்தடித்த வீட்டுக் கதவில் எழுதுகிற அதே நீலச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு சுகாதார ஆய்வாளர் தெருத் தெருவாகப் போனார், விக்கல் வந்து தீர்ந்த ஒவ்வொரு ஆளுக்கும் அந்தந்த வீட்டுக் கதவில் ஒரு கோடு போட்டார். ஐப்பசி அடைமழைக்குள் எல்லாக் கதவிலும் ஆள் கணக்குக்குக் கோடு விழுந்துவிட்டது. பாக்கி இரண்டே இரண்டு பேர்: ஒன்று, தையல்காரர் வீட்டில் அந்த வாரம் பிறந்த பிள்ளை, இன்னொன்று தங்கபுஷ்பம்.

புதன்கிழமை அந்தப் பிள்ளைக்கும் விக்கல் வந்தது. தொட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், மூன்றாவது கேசட்டிலேயே அடங்கிற்று.

"ஏளா புஷ்பம், உனக்கு?" என்று கேட்டாள் பக்கத்துப் பூக்கடை பேச்சி. அவளும் இவளும் ஒரு வயசு, ஒரே பள்ளிக்கூடம், ஒருத்தியை ஒருத்தி வையாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

"எனக்கு என்ன? நான் கடைக்காரி. பந்தி வைக்கிறவ முதல்ல உக்காந்து தின்னுவாளா?"

"எல்லாரும் தின்னு கை கழுவியாச்சு. நீ எப்ப?"

"போளா அங்கிட்டு. பூத்தண்ணியை என் வாசல்ல தெளிக்காத, கேசட்டுல பூசணம் பிடிக்கும்."

வாய்தான் அப்படிப் பேசியது. வீட்டுக்குப் போய்க் கோடு விழாத கதவைத் திறக்கும்போது அவள் அக்கம்பக்கத்துக் கதவுகளின் கோட்டை எண்ணிப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் சின்ன வயசிலிருந்தே அவளுக்கு விக்கல் வந்ததில்லை, மிளகாயைக் கடித்தால்கூட வந்ததில்லை. மனுஷர் நினைக்கவில்லை, சரி, போகட்டும், அவரவர் பாடு அவரவருக்கு. எட்டு வருஷமாகத் தூசி தட்டித் துடைத்து வெயில் படாமல் பார்த்துக்கொண்ட முந்நூறு கேசட்டில் ஒன்றுக்குக்கூடவா அவள் நினைப்பு வரவில்லை? ஒரு பாட்டாவது நன்றி கெட்டதனம் இல்லாமல் இருக்கக்கூடாதா?

அவமானம் தாங்காமல் அடுத்த திங்கட்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, "விக்" என்றாள்.

ஐயோ, அந்தக் கூட்டத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! பேச்சி பூக்கூடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள், சூசைமாணிக்கம் மைக்கில் "நமது புஷ்பத்துக்கு விக்கல் வந்துவிட்டது, பயணிகள் வழிவிடவும்" என்று அறிவித்தார், சுகாதார ஆய்வாளர் சாக்கட்டியோடு வந்து நின்றார். நகரு, நகரு என்று அவளை அடித்தட்டின் ஓரமாக நடத்தினார்கள். அவளுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள்; பயத்தில் விக் விக்கென்று வேகத்தைக் கூட்டி, கைக்கு வந்த ஒரு பச்சை டப்பாவைத் தொட்டுக் காட்டினாள். தையல்காரர் ஆசையாக எடுத்துத் திறந்தார். உள்ளே கேசட் இல்லை. ஆள் பார்வைக்கு அடுக்கி வைத்த வெறும் டப்பா.

ஒருத்தராவது சிரித்திருக்கலாம். பேச்சியாவது "அடி கள்ளி" என்று ஒரு வார்த்தை வைதிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, அடுப்பில் பால் இருக்கு என்று ஒவ்வொருத்தராக நழுவினார்கள், ஆய்வாளர் சாக்கட்டியைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். அந்த இரக்கம்தான் அவளைக் கொன்றது. பாட்டுக்கே வேண்டாதவளுக்குப் பாட்டுக்கடை என்ன கேடு என்று முடிவு செய்து, "இக்கடை விலைக்கு வருகிறது" என்று எழுதித் தொங்கவிட்டாள். நாலே நாளில் கோவில்பட்டியிலிருந்து ஒரு செருப்புக்கடைக்காரர் வந்து பார்த்து, இடம் பிடித்துப்போய், அடுத்த வெள்ளிக்கிழமை சாவியை வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்தார். அண்ணனுக்குக் கடிதம் போட்டாள், வெளியூரில் அண்ணி வழி உறவில் ஒரு வீட்டில் போய் இருந்துகொள்வதாக ஏற்பாடு.

அந்த ஒரு வாரம் ஊர் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதை அவள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். அவள் நடந்து வந்தால் பேச்சு நின்றது. டாக்டர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள், தையல்காரர் ஏதோ சத்தத்தைப் பட்டென்று குறைத்தார், போலீஸ் ஸ்டேஷனில்கூட அவளைக் கண்டதும் கதவை ஒருக்களித்தார்கள். டீக்கடைப் பெஞ்சில் "சொல்லிருவமா?" என்று ஒருத்தர் கேட்க, "சொன்னா அதோட போச்சு" என்று பேச்சி அதட்டியது அவள் காதில் விழுந்தது. போங்கடா, உங்க சகவாசமே வேண்டாம் என்று அவள் பெட்டியைக் கட்டினாள். கட்டும்போது அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செருப்புக்கடைக்காரர் வந்து கையை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"விக்."

நாற்பத்து மூன்று வருஷத்தில் வந்த முதல் விக்கல், தோளைத் தூக்கிப் போட்டது, சாவி தெறித்துச் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. ஏன் அன்றைக்குப் பார்த்து வர வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய, நினைக்கிறவர்கள் நேரம் பார்த்தா நினைக்கிறார்கள்?

"திரும்பவுமா?" என்று பேச்சி மெதுவாகத்தான் கேட்டாள்.

"நிஜமாத்தான்ளா! விக். சத்தியமா, விக், பேச்சி, இது நிஜம்!"

அவள் அடித்தட்டுக்கு ஓடினாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தாள், விக்கல் கூடவுமில்லை குறையவுமில்லை. மேல்தட்டில் பார்த்தாள், படக் கேசட், பக்திக் கேசட், ஒன்றுமில்லை. வெளியே காலை வைத்தாள், விக்கல் கூடிற்று. பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்தாள், இன்னும் கூடிற்று. ஊரே பின்னால் வந்தது, செருப்புக்கடைக்காரரும் சாவியைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். டாக்டர் வீட்டு வாசலில் விக்கல் நெருக்கியது, இங்கேதான் என்று நிமிர்ந்தால் தையல்காரர் வாசலில் அதைவிட நெருக்கியது, போலீஸ் ஸ்டேஷன் முன்னால் மூச்சே முட்டியது, கிழக்கே போனாலும் நெருக்கியது, மேற்கே திரும்பினாலும் நெருக்கியது. ஊர் ஜனம் அத்தனை பேருக்கும் ஒரு கேசட் ஒரு திசையில் இருந்தது. அவளுக்கு மட்டும் எட்டுத் திசையிலும் அடித்தது.

"எனக்குன்னு வந்தா, விக், இதுவும் கோளாறாத்தான் வரணுமா?" என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டிற்று.

சூசைமாணிக்கம் பேச்சியைப் பார்த்தார். பேச்சி வேண்டாமென்று தலையாட்டினாள், பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், பிறகு ஆகட்டும் என்று தலையாட்டினாள். டைம் கீப்பர் தன் கூண்டுக்கு ஓடினார், மேஜை டிராயரிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார், மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கடையில் பதினொரு பாட்டு எழுதிக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போன கேசட். கூண்டில் இருந்த டேப் ரிக்கார்டரில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பாட்டு முடிகிற இடம்வரை ஓட்டி, மைக்கை அதன் முன்னால் வைத்தார்.

பஸ் ஸ்டாண்டின் நாலு குழாய் ஒலிபெருக்கியிலும் ஏதோ ஒரு கல்யாணப் பாட்டின் கடைசி அடி கேட்டது. பாட்டு முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம், பிறகு துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்க்கிற கீச்சு கீச்சு. அப்புறம் ஒரு பெண் குரல், வார்த்தை இல்லாமல், வாயை மூடிக்கொண்டு முனகுகிற குரல். அந்த மெட்டு மேலே ஏறப்போகிற மாதிரிப் போய், ஏறாமல், சரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது, மறுபடி எழுந்து கொஞ்சம் நடந்தது, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. அது எந்தப் படத்திலும் இல்லை, எந்தக் கோயிலிலும் இல்லை.

விக்கல் நின்றுபோயிருந்தது. தங்கபுஷ்பம் நடுத்தெருவில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்துகொண்டு கேட்டாள். அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மா, எவ்வளவு பிடித்திருந்தது! பாட்டைக் கேட்டால் ஜனத்துக்கு இதுதான் நடக்கிறதா, இதற்காகத்தான் இந்தப் பாடு படுகிறார்களா என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. எட்டு வருஷமாக எல்லோரும் அவளிடம் கேட்ட கேள்வியை முதல் தடவையாக அவள் கேட்டாள்.

"யாரு பாட்டு இது? எந்த ஊர்க்காரி? கேசட் கிடைக்குமா?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் முனகுவதை நிறுத்திவிட்டு, "ஏளா பேச்சி! பூத்தண்ணியை என் வாசல்ல தெளிக்காதன்னு எத்தன தடவ சொல்ல!" என்று கத்திற்று. கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி முனக ஆரம்பித்தது.

தெருவே அவளைப் பார்த்தது. தங்கபுஷ்பம் தன் தொண்டையில் கையை வைத்தாள்.

"நானா?"

"நீதான்" என்றாள் பேச்சி. "உன் மிஷினுல ஓட்டை இருக்குல்லா, அது மைக்கு. பாட்டு முடிஞ்சதும் அது உன்னைப் பிடிக்குது. எல்லா வீட்டுலயும் இருக்க. எங்க வீட்டுல மட்டும் ஒம்பது கேசட்டு."

"எட்டு வருஷமாவா? ஒருத்தருக்காவது சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா நீ வாயை மூடிக்கிடுவ. உன்னை எனக்குத் தெரியாதா? நீ போறன்னதும் ஆளாளுக்கு வீட்டைச் சாத்திட்டு அந்த வாலைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கிடந்தோம்."

தங்கபுஷ்பம் எழுந்து புடவையைத் தட்டினாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, இரண்டில் கோபம்தான் அவளுக்குக் கைவந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், டாக்டரை, தலைமையாசிரியையை, இன்ஸ்பெக்டரை, ஆயுசுக்கும் பன்னிரண்டாவது பாட்டு ஞாபகம் வராத அத்தனை பேரையும் பார்த்தாள்.

"அப்பம், அந்தப் பதினொண்ணு..."

எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்தக் கேசட்டை எனக்குக் குடுங்க. என்ன வேணும்னாலும் தாரேன்."

சூசைமாணிக்கம் கேசட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அதெப்படி புஷ்பம்? விற்ற கேசட் எக்காரணம் கொண்டும் திரும்ப வாங்கப்பட மாட்டாது. நீயே எழுதி மாட்டியிருக்க."

டாக்டரிடம் கேட்டாள், அவரும் அதையே சொன்னார். தையல்காரர் சொன்னார். இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்து, சட்டப்படி அதுதான் சரி என்றார். வேண்டுமானால் வீட்டுக்கு வா, கேட்டுவிட்டுப் போ, எப்போது வேண்டுமானாலும் வா என்று ஒவ்வொருத்தரும் கூப்பிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் அவள் ஆறு வீட்டில் காப்பி குடித்தாள். திரும்பி வந்தபோது அவள் வீட்டுக் கதவில் நீலக் கோடு இருந்தது. எத்தனை திசைக்கு எத்தனை கோடு என்று குழம்பிப்போன ஆய்வாளர், கதவு முழுக்கப் போட்டு வைத்திருந்தார்.

செருப்புக்கடைக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரும் ஒரு வெற்றுக் கேசட் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கடை திறக்கும்முன்பே வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் நீட்டிய தாளில் பத்துப் பாட்டு இருந்தது, அடுத்த தாளில் ஒன்பது, தலைமையாசிரியை தாளில் நாலு. டாக்டர் நெல்லையப்பன் மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் ஒன்றே ஒன்று.

"டாக்டரய்யா, அறுபது நிமிஷத்துக்கு ஒரு பாட்டா?"

"வயசாயிருச்சு புஷ்பம். மத்தது ஒண்ணும் ஞாபகம் வரல."

"வெக்கங்கெட்ட ஊரு!" என்று வைதுகொண்டே அவள் தாளை வாங்கினாள், அந்த ஒரு பாட்டை ஏற்றினாள். பாட்டு முடிந்தது, சிவப்புப் பொத்தான் அமுங்கியபடியே இருந்தது, டெக்கின் முகத்தில் அந்தச் சல்லடை ஓட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. போனால் போகிறதென்று விட இவள் ஒன்றும் ஏமாந்தவள் இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தாள். வரிசையில் நின்றவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள், பேச்சி பூத்தண்ணி தெளிக்கிற கையை அப்படியே நிறுத்தினாள், சூசைமாணிக்கம் தென்காசி பஸ்ஸைக் கிளம்பவிடாமல் கையைக் காட்டினார்.

அன்றைக்கு முழுக்கத் தான் ஒரு தடவைகூட முனகவில்லை என்று தங்கபுஷ்பம் இன்றைக்கும் தலையிலடித்துச் சத்தியம் பண்ணுகிறாள்.